நொத்தாரிசின் முத்திரையும் கம்பெனியின் கூலியும்

நிலத்தை உழுபவனைப் பற்றி நமது எழுத்தாளர்கள் நிறைய எழுதியிருக்கின்றனர். நிலத்தை உடையவனைப் பற்றியும் எழுதியிருக்கின்றனர். இவ்விருவருக்கும் நடுவே அமர்ந்து, இன்ன நிலம் இன்னாருடையது என்று எழுதி, கையொப்பமிட்டு, முத்திரை பொறிக்கும் நொத்தாரிசைப் பற்றியோ நாம் அதிகம் சிந்திப்பதில்லை. கதைகளில் அவர் தலைகாட்ட நேர்ந்தால், ஊரை ஏய்க்கும் பாத்திரமாகத் தோன்றி மறைந்துவிடுகின்றார். அச்சித்திரத்தில் நியாயமே இல்லை என்று நாம் வாதிட வரவில்லை. ஆயினும் நொத்தாரிசும் எழுதிப் பிழைக்கும் ஓர் உழைப்பாளி. அவருடைய உழைப்பை விலைக்கு வாங்குபவர் யார், எவ்விலைக்கு வாங்குகின்றார் என்பவற்றைப் பொறுத்தே அவர் முத்திரையின் மதிப்பு உயர்கின்றது அல்லது தாழ்கின்றது. இதனை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே நமது நோக்கமாகும்.

ஓட்டமாவடியில் வாழ்வோருக்கு இஃது ஏட்டளவிலான பிரச்சினையன்று. மட்டக்களப்புப் பிரதேசத்தில், தமிழர் முஸ்லிம்கள் ஆகிய இரு சமூகத்தாரிடையேயும், மகளுக்கு வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுத்தல் நெடுங்கால வழக்கம். ஆகவே ஒவ்வொரு கலியாணத்தின் பின்னாலும் ஓர் உறுதி உண்டு. ஒவ்வொரு வயற் பூமியின் பின்னாலும் ஓர் உறுதி உண்டு. போர்க்காலத்தில் வீட்டை விட்டு ஓடியவர்கள் பலர் உறுதிகளைக் கையிலெடுக்க நேரமின்றியே ஓடினர். போர் ஓய்ந்தபின் பாசிக்குடாக் கரையோரத்தில் உல்லாச விடுதிகள் எழுந்தன; நிலத்தின் விலையும் எழுந்தது. இத்தகைய மண்ணில் உறுதி என்பது சோற்றுக்கு அடுத்த பொருள். அதனை எழுதுபவர் எந்நிலையில் இருந்து எழுதுகின்றார் என்ற வினா, அதனைப் பெட்டியில் வைத்துக் காக்கும் ஒவ்வொரு குடும்பத்தின் வினாவுமாகும்.

‘நொத்தாரிசு’ என்னும் சொல் ஒல்லாந்த மொழியின் வழியே நம்மை வந்தடைந்தது. அதன் மூலம் இலத்தீனச் சொல்லாகிய ‘நொத்தாரியுஸ்’ என்பதாகும். பழைய உரோமாபுரியில் இச்சொல் குறித்தது அதிகாரமுடைய ஒருவரையன்று. பிறர் பேசுவதைக் குறியீடுகளால் விரைந்தெழுதும் எழுத்தாளனையே அது குறித்தது. அவர்களிற் பலர் அடிமைகள். நாவன்மையிற் புகழ்பெற்ற சிசரோவின் சொற்களைக் குறித்து வைத்த தீரோ என்பவரும் அவருடைய அடிமையாக இருந்து பின்னர் விடுதலை பெற்றவரே. உறுதிகளையும் விண்ணப்பங்களையும் எழுதிக் கொடுத்தவர் ‘தபெல்லியோ’ எனப்பட்டார். மன்றத்தினருகே இருக்கையிட்டு, வருவோர் போவோருக்கு எழுதிக் கூலி பெற்று வாழ்ந்தவர் அவர்.

அவர் பெற்ற கூலி எவ்வளவு? கி.பி. 301ஆம் ஆண்டில் தியோகிளேசியன் என்னும் பேரரசன் வெளியிட்ட விலைக்கட்டுப்பாட்டு ஆணை இதற்கு விடை தருகின்றது. விண்ணப்பமோ உறுதியோ எழுதுபவருக்கு நூறு வரிக்கு 10 தெனாரி. வயலில் உழைக்கும் கூலியாளுக்கு உணவுடன் நாளொன்றுக்கு 25 தெனாரி. எழுத்தறிவிக்கும் ஆசிரியருக்கு மாணவன் ஒருவனுக்கு மாதம் 50 தெனாரி. வழக்கொன்றை வாதாடும் வழக்கறிஞருக்கோ 1,000 தெனாரி! சொல்லுக்கும் எழுத்துக்கும் இடையே உரோமாபுரி வகுத்த தூரம் இதுவாகும்.

இத்தொகைகளைவிட முக்கியமான ஒன்று அவ்வாணையில் உண்டு. அங்குக் குறிக்கப்பட்டவை யாவும் உச்சவரம்புகள். இதற்கு மேல் வாங்கலாகாது என்று அரசு கட்டளையிட்டது. இதற்குக் கீழே கொடுக்கலாகாது என்று ஓரிடத்தும் சொல்லவில்லை. பின்னர் ஆறாம் நூற்றாண்டில் யுஸ்தினியன் இயற்றிய சட்டம், உறுதி எழுதும் பொறுப்பைத் தன் உதவியாளரிடம் விட்டுவிட்டுத் தான் விலகி நிற்கும் தபெல்லியோவைத் தண்டித்தது. ஆக, கூலிக்கு மேலெல்லை உண்டு, கீழெல்லை இல்லை. பொறுப்போ முழுவதும் எழுதியவன் தலைமேல். இவ்விரண்டையும் வாசகர் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். ஆயிரத்து எழுநூறு ஆண்டுகள் கடந்தும் இவை மாறவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

தமிழர் வாழ்விலும் எழுத்தாவணம் புதியதன்று. சோழர் காலத்துக் கல்வெட்டுக்களின் இறுதியில், எழுதியவன் தன் பெயரைச் சொல்லி, இது தன் எழுத்தே என்று உறுதி கூறுவதைக் காண்கின்றோம். பெரியபுராணத்திற் சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட வரலாறு முழுவதும் ஓர் ஓலையைச் சுற்றியே நிகழ்கின்றது. சுந்தரர் கிழித்தெறிந்தது படியோலை. மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் இருந்தது. சபையோர் பாட்டனாரின் கையெழுத்தை அவரெழுதிய வேறோர் ஓலையுடன் ஒப்பிட்டுப் பார்த்தே தீர்ப்பு வழங்கினர். பக்தியை ஒருபுறம் வைத்து நோக்கினால், மூலம், படி, கையெழுத்து ஒப்பீடு ஆகிய நடைமுறைகளை நன்கறிந்த ஒரு சமுதாயத்தின் சித்திரம் அங்குப் புலனாகின்றது. வாக்குக் கொடுத்தவன் இறைவனேயாயினும் ஓலையைக் காட்டியாக வேண்டும் என்பது அக்காலத்தவர் கொள்கை.

இஸ்லாமிய மரபிலும் எழுத்து இதே தகுதியைப் பெற்றது. திருக்குர்ஆனின் வசனங்களுள் மிக நீண்டது கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்தல் பற்றியதேயாகும். எழுதுபவர் நீதியுடன் எழுத வேண்டும் என்று விதித்த அவ்வசனம், அத்துடன் நின்றுவிடவில்லை. எழுதுபவருக்கும் சாட்சிக்கும் தீங்கு இழைக்கப்படலாகாது என்றும் அதே மூச்சில் விதித்தது. எழுதுபவரிடமிருந்து நீதியை எதிர்பார்ப்பவர்கள் எழுதுபவருக்கு நீதி செய்யவும் கடமைப்பட்டவர்கள் என்பதே இதன் கருத்து. உரோமப் பேரரசர்கள் ஒரு பக்கத்தை மாத்திரம் கண்டனர். இவ்வசனம் இரு பக்கத்தையும் கண்டது.

இனி நமது நாட்டிற்கு வருவோம். ஆங்கிலேயர் ஆட்சியில் 1840ஆம் ஆண்டு இலங்கை மக்களின் நிலவுரிமையைப் புரட்டிப்போட்ட ஆண்டாகும். அவ்வாண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடந்த காணிகளையெல்லாம், மறுதலை நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியவை என்று அநுமானித்தது. அதே ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காணி விற்பனையும் ஈடும் எழுத்தில் அமைந்து, நொத்தாரிசு முன்னிலையிலும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சாட்சிகள் முன்னிலையிலும் கையொப்பமிடப்பட்டு அத்தாட்சிப்படுத்தப்பட்டாலன்றிச் செல்லாது என்றது. ஒரு கை நிலத்தை எடுத்தது. மறு கை எழுத்தைக் கேட்டது. வாய்மொழியையும் அயலவர் அறிவையும் நம்பி நிலத்தை ஆண்டுவந்த குடியானவன், இனித் தன் நிலத்தைத் தனதென்று சொல்ல ஒரு நொத்தாரிசின் வாயிலில் நிற்க வேண்டியவனானான்.

1907ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நொத்தாரிசுகள் கட்டளைச் சட்டம் இத்தொழிலின் கடமைகளை நுணுக்கமாக வகுத்தது. அச்சட்டம் திருத்தங்களுடன் இன்றும் நடைமுறையில் உள்ளது. நொத்தாரிசு இன்ன எல்லைக்குள், இன்ன மொழியிலேதான் தொழில் செய்யலாம். கையொப்பமிடுபவரையேனும் சாட்சிகளையேனும் அவர் அறிந்திருத்தல் வேண்டும். காணிப் பதிவேட்டை ஆராய்தல் வேண்டும். உறுதியை வாசித்து விளக்குதல் வேண்டும். தம்மிடமுள்ள பிரதியைப் பேணுதல் வேண்டும். முந்திய மாதத்தில் அத்தாட்சிப்படுத்திய உறுதிகளின் இரண்டாம் பிரதிகளை ஒவ்வொரு மாதமும் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவாளருக்கு அனுப்புதல் வேண்டும். தவறினால் தண்டனை அவருக்கே. போரில் உறுதியை இழந்த குடும்பமொன்று இன்று தன் காணியை நிலைநாட்ட இயலுகிறதென்றால், என்றோ ஒரு நொத்தாரிசு அனுப்பிவைத்த அந்த இரண்டாம் பிரதி பதிவகத்தில் இருப்பதே பல சமயங்களிற் காரணமாகும்.

அக்கால நொத்தாரிசு புனிதர் என்று நாம் கூறவில்லை. வட்டிக்காரனுடனும் நிலப்பிரபுவுடனும் கைகோத்தவர்கள் இருந்தனர். எழுதப் படிக்கத் தெரியாதவனின் பெருவிரலடையாளத்தை அவனுக்கு விளங்காத வாசகத்தின் கீழ்ப் பெற்றவர்கள் இருந்தனர். ஆயினும் அவ்வுறவு நேருக்கு நேரானது. விற்பவனும் வாங்குபவனும் நொத்தாரிசைத் தாமே தேடிச் சென்றனர்; கூலியைத் தாமே கொடுத்தனர். தவறு செய்த நொத்தாரிசு அதே தெருவில், அதே சந்தையில் அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டியிருந்தது. இந்த நேர் உறவினுள் மூன்றாவதாக ஒரு பெரும் நிறுவனம் நுழையும்போது நிகழ்வது யாது? அதனை முழு வளர்ச்சி நிலையிற் காண வேண்டுமாயின், முதலாளித்துவம் முற்றி நிற்கும் அமெரிக்க ஐக்கிய நாடுகளை நோக்க வேண்டும்.

அங்கு நொத்தாரிசு சட்டத்தரணியாக இருக்க வேண்டியதில்லை. சாதாரணக் குடிமகனோ குடிமகளோ மாநில அரசிடம் நியமனம் பெற்று, சத்தியப் பிரமாணம் செய்து, கையொப்பமிடுபவர் உண்மையில் அவரே என்பதைச் சோதித்து முத்திரையிடலாம். கலிபோர்னியாவில் 15,000 டொலருக்குப் பிணைமுறியும் கொடுக்க வேண்டும். முத்திரையிடுவதற்குப் பெறக்கூடிய கட்டணத்தை மாநிலச் சட்டம் வரையறுக்கின்றது. நியூயோர்க் மாநிலத்தில் நேரில் முத்திரையிட 2 டொலர். கலிபோர்னியாவில், 2017 முதல், ஒரு கையொப்பத்துக்கு 15 டொலர். இவையும் தியோகிளேசியன் ஆணையைப் போலவே உச்சவரம்புகள்! கீழெல்லை அங்கும் இல்லை.

2001 முதல் 2003 வரை அந்நாட்டில் வட்டி வீதம் வீழ்ந்தபோது, பழைய வீட்டுக்கடனை அடைத்துப் புதுக்கடன் பெற இலட்சக்கணக்கானோர் முண்டியடித்தனர். கடன் பத்திரங்களைச் சுமந்து வீடுவீடாகச் சென்று கையொப்பம் பெறும் நொத்தாரிசுகள் பெருந்தொகையில் தேவைப்பட்டனர். கடன் கொடுக்கும் நிறுவனம் இவ்வேலையை ஆதனவுரிமையை ஆராயும் கம்பெனியிடம் விட்டது. அக்கம்பெனி, நொத்தாரிசுகளைத் தேடிப் பிடித்து அனுப்புவதையே தொழிலாகக் கொண்ட இன்னொரு கம்பெனியிடம் விட்டது. அதன் பின்னரே வேலை நொத்தாரிசை வந்தடைந்தது. கடன் வாங்குபவரிடம் அறவிடப்பட்ட தொகையில் ஒவ்வொரு படியிலும் ஒரு பங்கு கழிய, எஞ்சியதே முத்திரையிட்டவர் கைக்கு எட்டியது.

இவர் அக்கம்பெனிகள் எதனதும் ஊழியரல்லர்; ‘சுயேச்சையான ஒப்பந்தக்காரர்’ என்பது அவருக்கு அளிக்கப்பட்ட பெயர். அந்தச் சுயேச்சையின் உட்பொருளைப் பார்ப்போம். நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்களை இரண்டு பிரதிகளாக அச்சிடும் தாளும் மையும் அவர் செலவு. வாகனமும் எரிபொருளும் அவர் செலவு. காப்புறுதியும் அவர் செலவு. கடைசி நேரத்திற் சந்திப்பு இரத்தானால் நட்டமும் பெரும்பாலும் அவருடையது. கூலி முப்பது நாள், நாற்பத்தைந்து நாள், அறுபது நாள் கழித்து வருவதுண்டு. கடன் நிறைவேறவில்லையென்று காரணங்காட்டி வராமலே போவதுமுண்டு. முத்திரையில் தவறு நேர்ந்தால் சட்டத்தின் முன் நிற்பவரும் அவரே. விலையை மாத்திரம் கம்பெனி வைக்கின்றது. நட்டத்தைச் சுமப்பதிற் சுதந்திரம், விலையைத் தீர்மானிப்பதில் அடிமைத்தனம் — இதுவே இப்புதிய சுயேச்சை.

விருப்பமில்லாவிட்டால் மறுக்கலாமே என்று சிலர் கேட்பர். ஒரே வேலையைக் கம்பெனி ஒரே சமயத்திற் பலருடைய தொலைபேசிக்குச் செய்தியாக அனுப்புகின்றது. முதலில் ‘ஆம்’ என்பவருக்கே வேலை. மறுப்பவரின் மறுப்பு எவருக்கும் கேட்பதில்லை. அவருக்குப் பின்னால் நிற்பவரின் வறுமையே அவருடைய கூலியை நிர்ணயிக்கின்றது. 2021இல் 3 வீதமளவில் இருந்த முப்பதாண்டு வீட்டுக்கடன் வட்டி 2022 இறுதியில் 7 வீதமளவுக்கு உயர்ந்தபோது, புதுக்கடன் பெறுவோர் தொகை சரிந்தது. வேலை சுருங்கியது. வேலை தேடுவோர் தொகையோ அதே வேகத்திற் சுருங்கவில்லை. அந்நிலையில் ‘மறுக்கும் சுதந்திரம்’ என்பது பட்டினி கிடக்கும் சுதந்திரமேயன்றி வேறில்லை.

இவற்றில் எதுவும் கார்ல் மார்க்ஸ் அறியாததன்று. 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற் பாகத்தில், எண்ணிக்கைக்குக் கூலி கொடுக்கும் முறை முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே இடைத்தரகர்கள் புகுந்து உறிஞ்சுவதற்கு வழியமைப்பதை அவர் விளக்கினார். முதலாளி கொடுக்கும் விலைக்கும் தொழிலாளி கையில் விழும் விலைக்கும் உள்ள வேறுபாடே அவ்விடைத்தரகரின் இலாபம். அவர் கண்டது தையற்காரரையும் நெசவாளரையும். இன்று அதே பொறியிற் சிக்கியிருப்பவர் அரசின் இலச்சினையைக் கையில் ஏந்தியவர். தைத்த சட்டை கிழிந்தால் நட்டப்படுபவர் ஒருவர். கிழிந்த முத்திரையால் நட்டப்படுபவர் எத்தனை பேர் என்பதை 2010ஆம் ஆண்டு உலகுக்குக் காட்டியது.

2008இல் வெடித்த நிதி நெருக்கடியின் பின்னர், கடன் கட்ட இயலாத குடும்பங்களை அமெரிக்க வங்கிகள் வீடுகளிலிருந்து வெளியேற்றத் தொடங்கின. வழக்குக்கு வேண்டிய பத்திரங்களோ ஒழுங்காக இல்லை. ஆகவே பத்திரங்கள் ஆலையில் உற்பத்தியாகும் பண்டங்களைப் போல உற்பத்தி செய்யப்பட்டன. வாசித்தறியாத பத்திரங்களில், உள்ளடக்கத்தை அறிந்ததாகக் கூறி, நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கிற் கையொப்பமிடப்பட்டது. ஜோர்ஜியா மாநிலத்தின் அல்பரெட்டா நகரில் இயங்கிய ‘டொக்எக்ஸ்’ என்னும் கம்பெனியில், 2003க்கும் 2009க்கும் இடையே பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பத்திரங்கள் பொய்க் கையொப்பத்துடனும் பொய் அத்தாட்சியுடனும் தயாரிக்கப்பட்டதாக நீதித் திணைக்களம் வெளிப்படுத்தியது. செலவைக் குறைப்பதற்காகக் குறைந்த கூலிக்குத் தற்காலிகப் பணியாளர்கள் அமர்த்தப்பட்டனர். அவர்களிற் சிலர் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான பத்திரங்களிற் பிறர் பெயரில் ஒப்பமிட்டனர். ஒப்பமிட்டவர் நேரில் நின்றார் என்று கூறும் நொத்தாரிசு முத்திரை அவற்றின் அடியில் இருந்தது. அக்கம்பெனியின் முன்னாள் தலைமை நிருவாகி 2013இல் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். ஐந்து பெரும் வங்கிகளோ 2012இல் 49 மாநிலங்களுடன் 25 பில்லியன் டொலருக்கு இணக்கங்கண்டு தப்பின.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? கூலியை நெரிப்பவன் நேரத்தை நெரிக்கின்றான். நேரத்தை நெரிப்பவன் சோதனையை நெரிக்கின்றான். ஆளை அறிந்து, பத்திரத்தை விளக்கி, ஐயம் தோன்றுமிடத்து முத்திரையிட மறுத்து எழுந்து வருவதற்கு ஒரு நொத்தாரிசுக்கு நேரமும் வேண்டும், துணிவும் வேண்டும். அடுத்த வேலையைத் தருபவனும் அதே கம்பெனி என்றால் அத்துணிவு எங்கிருந்து பிறக்கும்? முத்திரை பொதுமக்களுக்குரியது, கூலி கம்பெனிக்குரியது. இம்முரண்பாட்டைத் தீர்க்காமல் நொத்தாரிசின் தனிமனித ஒழுக்கத்தைப் பற்றி உபதேசிப்பது வீண்.

இம்முரண்பாட்டைச் சட்டத்தாற் கட்டுப்படுத்தும் முயற்சிகளும் தோன்றியுள்ளன. நியூயோர்க் நகரில் 2017 மே மாதம் நடைமுறைக்கு வந்த சட்டம், தனித்தொழில் புரிவோருடன் 800 டொலரோ அதற்கு மேலோ பெறுமதியுள்ள வேலைக்கு எழுத்தில் ஒப்பந்தம் செய்ய வேண்டுமென்றும், நாள் குறிக்கப்படாதவிடத்து வேலை முடிந்த 30 நாளுக்குள் கூலி கொடுக்க வேண்டுமென்றும் விதித்தது. 2024இல் அம்மாநிலம் முழுவதற்கும் இத்தகைய சட்டம் விரிந்தது. பிறருடைய ஒப்பந்தங்களையெல்லாம் எழுத்தில் அத்தாட்சிப்படுத்துகின்ற ஒருவருக்குத் தம்முடைய கூலி ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும் என்ற உரிமை இருபத்தோராம் நூற்றாண்டிலேதான் கிட்டியது என்பது வரலாற்றின் கசப்பான முரண்நகை.

நமது நாட்டின் நிலை வேறு என்று நாம் வாளாவிருத்தலாகாது. இங்கும் நொத்தாரிசுப் பணியிற் பெரும்பகுதி இன்று வங்கிகளையும் நிதிக் கம்பெனிகளையும் சார்ந்தே நடைபெறுகின்றது. ஈட்டுறுதியை எழுதுபவரைத் தெரிவுசெய்வது கடன் கொடுக்கும் நிறுவனம். கட்டணத்தைச் சுமப்பவர் பெரும்பாலும் கடன் வாங்கும் எளியவர். சட்டப் பொறுப்பு முழுவதும் எழுதியவருடையது. தெரிவுசெய்பவர் ஒருவர், கொடுப்பவர் ஒருவர், தண்டனைக்கு ஆளாகுபவர் இன்னொருவர். அமெரிக்காவிற் கண்ட அதே முக்கோணத்தின் வித்து இதுவேயன்றோ? நிறுவனத்தின் பட்டியலில் இடம் பெறுவதே ஓர் இளஞ் சட்டத்தரணியின் பிழைப்பு என்றாகும்போது, வறிய கடனாளிக்கு உறுதியின் கடுமையான நிபந்தனையை நிறுத்தி நிதானமாக விளக்கிச் சொல்ல அவருக்கு எவ்வளவு இடமிருக்கும் என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கலாம்.

ஆயினும் நமக்கு ஒரு வாய்ப்பு உண்டு. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலம் 2012இல் தொலைவிலிருந்தே திரையின் மூலம் முத்திரையிட அனுமதித்தது. 2020இன் பெருந்தொற்றுக்குப் பின் அம்முறை எங்கும் பரவியது. இலங்கையின் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டமோ, காணி விற்பனையைத் தன் எல்லைக்குப் புறத்தே வைத்தது. ஆகவே புதிய முறைகள் வந்து கதவைத் தட்டுமுன் நீதியான விதிகளை வகுத்துக்கொள்ள நமக்கு அவகாசம் உண்டு. அவ்விதிகள் கடினமானவையல்ல. நிறுவனங்களுக்காகச் செய்யப்படும் நொத்தாரிசுப் பணிக்குக் கீழெல்லை வகுக்கப்படட்டும். நொத்தாரிசைத் தெரிவுசெய்யும் தரப்பே கட்டணத்தையும் சுமக்கட்டும். ஒப்பந்தம் எழுத்தில் அமையட்டும். கூலி கொடுக்கும் நாள் அதிற் குறிக்கப்படட்டும். முத்திரையிட மறுத்தமைக்காக எவரும் பட்டியலிலிருந்து நீக்கப்படாதிருக்கட்டும். இவற்றைத் தனியொருவர் பெற இயலாது; சங்கமாகத் திரண்டே பெற இயலும். தம்மை உழைப்பாளர் என்று ஒப்புக்கொள்ள நாணும் படித்த வகுப்பார் முதலில் அந்நாணத்தைக் களைதல் வேண்டும். மருத்துவரையும் வழக்கறிஞரையும் முதலாளித்துவம் தன் கூலியாட்களாக்கிவிட்டதை மார்க்ஸும் ஏங்கல்ஸும் 1848இலேயே சுட்டிக்காட்டினர். ஆசிரியராகிய நாமும் சங்கம் அமைத்த பின்னரே மாதச் சம்பளத்தை யாசகமாகக் கருதாமல் உரிமையாகக் கருதக் கற்றோம்.

நொத்தாரிசின் கூலிக்காக விவசாயி ஏன் குரல் கொடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை அவ்விவசாயியின் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றது. ஓட்டமாவடியிலும் வாழைச்சேனையிலும் கல்குடாவிலும் வயலையும் வீட்டு வளவையும் காத்து நிற்பது ஒரு தாளும் அதன் அடியிலுள்ள ஒரு கையொப்பமுமே. அக்கையொப்பத்தை இட்டவர் எவருக்கும் அஞ்சாதவராக இருந்தால் மாத்திரமே அத்தாள் எவரையும் எதிர்த்து நிற்கும். எழுதுபவரைப் பட்டினியிலிருந்தும் பயத்திலிருந்தும் விடுவித்தல் உழுபவரின் நிலத்துக்கு இடும் வேலியாகும்.